தண்ணீரில் இரண்டு தட்டு

மீன் தலையைக் கீரி தொடவில்லை.

அன்றைக்கு வைத்தது நல்ல மடவைத் தலை. செவுள் சிவப்பு கூட மாறவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கொல்லைப்புறத்துத் துவைகல்லின் மேல் ஐரீன் நாலு தலை வைப்பாள். வைத்த கையை எடுப்பதற்குள் வேலியோரத்துக் கருவேலம் புதரிலிருந்து கீரி ஓடிவரும், பின்னங்காலில் நிமிர்ந்து நின்று இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்கும், அப்புறம் இருப்பதிலேயே பெரிய தலையாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகும். அந்த நிற்கிற தோரணைக்காகத்தான் ஜெமி அதற்கு வக்கீல் என்று பேர் வைத்திருந்தாள். இன்றைக்கும் வக்கீல் வந்தது. ஆனால் கல்லைத் தாண்டி வந்தது. ஐரீனின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தது.

"இன்னாம்மா, துன்னவே இல்ல?" என்றாள் ஜெமி. ஐரீனின் ஒரே மகள், எட்டு வயசு. கீரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வவுறு ரொம்பிகீதோ இன்னாவோ."

சொல்லிவிட்டு ஐரீன் டப்பில் கிடந்த பாத்திரத்தைத் துலக்கினாள். அவளுக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொண்டு எட்டு மாசம் ஆகிறது.

எண்ணூர் முகத்துவாரத்துக்குள்ளே, உப்பங்கழியின் ஓரத்தில் கடைசி வீடு அது. சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் பத்தடிக் கொல்லை, அதற்கப்பால் மூன்று சிமெண்டுப் படி, படிக்குக் கீழே கழி. எதிர்க்கரையில் புகைபோக்கிகள். வீட்டுக்கு முன்பக்கம் போனால் கண்டெய்னர் லாரிகள் ராப்பகலாக உறுமும். சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் இப்போது கேட்பதில்லை, துணியை உதறிவிட்டு உடுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அத்தனை சாம்பலுக்கு நடுவிலும் அந்தக் கொல்லைக்கு வராத உயிர் கிடையாது. வெள்ளைக் கொக்குகள் வரிசையாக வரும், அவற்றுக்கு ஜெமி வைத்த பேர் சிஸ்டருங்க. ஒரு பெரிய உடும்பு வரும், நீளமாக, அவசரமே இல்லாமல், வழியை அடைத்துக்கொண்டு. அதன் பேர் கண்டெய்னர். விளக்கு வைக்கிற நேரத்தில் ஓட்டின் மேல் மரநாய் வரும், வருவதற்கு முன்னாலேயே சோறு வெந்த மாதிரி ஒரு வாசனை வரும். ஜெமிக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாள் முழுவதும். காலை நீட்டிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க, எது எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பாள். மகள் சிரிப்பதை ஐரீன் பார்ப்பாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அவளுடைய கையும் அப்படித்தான் ஆகியிருந்தது. விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டு வரைக்கும் மரத்துப் போயிருந்தது. போன மாசம் தோசைக்கல்லில் சுட்டுவிரல் பட்டு, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சாயங்காலத்தில் சும்மா காற்றாட வெளியில் உட்காரும்மா என்றார்கள். இருபது வருஷம் கழிக்குள் உட்கார்ந்து வெறுங்கையால் இறால் தடவிப் பிழைத்தவளுக்கு, கையே போன பிறகு வேறு என்ன இருக்கிறது, உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

சளப், சளப்.

உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரில் தட்டுகிற சத்தம். தூரத்தில், அலையாத்திப் புதர்களுக்கு அந்தப் பக்கம். ஐரீன் நிமிரக்கூட இல்லை. அவளுடைய வலது கை தானாக உயர்ந்து டப்புத் தண்ணீரில் ஒரு தரம் தட்டியது. சளப்.

கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. கழிப் பக்கம் இல்லை. அவள் பக்கம்.

"இன்னாம்மா அது?" ஜெமி சிரித்தாள். "இன்னாத்துக்குத் தண்ணிய அட்ச்ச?"

ஐரீன் ஈரக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், என்ன தோன்றியதோ, மகளுக்குச் சொன்னாள். எட்டு மாசத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தரம். தண்ணீருக்குள் உட்கார்ந்து தடவும்போது இரண்டு கையும் கீழே சேற்றில் இருக்கும். பிடித்த இறாலைப் போடுகிற பறியை, அந்த ஓலைப் பையை, கயிற்றைப் பல்லில் கடித்துத்தான் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். வாய் அடைபட்டிருக்கும், பேச முடியாது. அதனால் அவளும் ஜெமியின் அப்பா கஸ்பாரும் தண்ணீரைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டு என்றால், எங்கே இருக்கே. ஒரு தட்டு என்றால், இங்கேதான் இருக்கேன். கேட்டவர் அந்தத் தட்டு விழுந்த பக்கம் நகர்ந்து வந்து சேர்ந்துகொள்வார்.

"ரெண்டு தட்டுனா எங்க கீற. ஒண்ணு தட்டுனா இங்க கீறேன்," என்று ஜெமி விரலை மடக்கிச் சொல்லிப் பார்த்தாள். "அப்போ இப்ப யாரு கேட்டது?"

"மீனு துள்ளிச்சு. மடவ துள்ளும்."

வக்கீல் எழுந்து நாற்காலிக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. நாலு தலையும் கல்லின் மேல் அப்படியே கிடந்தன. காலையில் எறும்பு கூட மொய்க்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் சாலமன் வந்தான். கஸ்பாருக்குத் தம்பி, துறைமுகத்தில் வேலை, ராயபுரத்தில் குடித்தனம். வந்தவன் கொல்லையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா அண்ணி இது, வூடா, மிருகக்காட்சி சாலையா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. சிஸ்டருங்க எல்லாம் துணி காயப்போடுகிற கொடியில் உட்கார்ந்திருந்தன, கொடி தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்டெய்னர் சமையல்கட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி, நாலு பெருச்சாளி. உடும்பு அவற்றைப் பார்க்கவில்லை. அவையும் உடும்பைப் பார்க்கவில்லை. ஒன்றாவது சத்தம் போட வேண்டுமே. தரையில் இருந்தவை வீட்டுச் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டிருக்க, எல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சித்தப்பா, இதுங்க எல்லாம் என்னோட தோஸ்துங்க," என்றாள் ஜெமி.

"தோஸ்து கீஸ்துலாம் போதும். அண்ணி, ஞாயித்துக்கெழம பூச முட்ச்சிகினு ஆட்டோ எட்த்தாறேன். துணிமணிய கட்டி வையி. இன்னாத்துக்கு இந்தக் கலீஜ்ல தனியா கெடக்குற? ராயபுரத்துல ரூமு கீது, புள்ளைக்கு இஸ்கூலு கீது."

"அங்க வக்கீல் வராது சித்தப்பா."

"கீழ் வூட்ல நெஜ வக்கீலே கீறாருடி. அவருக்கு வேணா மீன் தல வையி."

ஜெமி குலுங்கிச் சிரித்தாள். ஐரீனும் உதட்டை இழுத்துச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டாள். சரி என்றாள். இருக்கிறதும் போகிறதும் அவளுக்கு ஒன்றுதான். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனபோது, அவளுக்குப் போய் நிற்க ஒரு குழி கூட இல்லை. கழிதான் இருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

சாலமன் போன பிறகு காற்று நின்றது. எதிர்க்கரைப் புகைபோக்கியில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அலையாத்தி இலைகள், அவற்றின் மேல் படிந்த வெள்ளைச் சாம்பல், பாலத்தில் ஊர்ந்து போகிற லாரிகளின் உறுமல், எங்கேயோ டீசல் வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்தால் வருமே, அது. ஐரீன் மூக்கை உறிஞ்சினாள். அந்த வாடையை எங்கே முகர்ந்தோம் என்று அவளுக்குத் தெரியும். மார்ச் மாசம் ஒரு காலைப் பொழுதில் அந்த வாடைக்குள் கழுத்தளவு உட்கார்ந்திருந்தாள்.

சளப், சளப்.

இந்தத் தடவை அலையாத்திக்கு இந்தப் பக்கம்.

அவளுடைய கை எழுந்தது. எழுந்த கையை இன்னொரு கையால் பிடித்து இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டாள். பிடித்திருப்பது கைக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மடவை இப்படித் துள்ளாது. இரண்டு தட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நேற்று எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவேதான்.

அந்த மார்ச் மாசக் காலையை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போலீஸிடம் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை. கஸ்பார் அவளுக்குப் பின்னால் இருபது முழம் தள்ளி உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார். பனி விலகாத நேரம். இரண்டு தட்டு கேட்டது, எங்கே இருக்கே என்று. அவள் பதிலுக்குக் கையைத் தூக்கினாள். அந்தக் கை தண்ணீரில் விழுவதற்கு முன்னாலேயே, வேறு பக்கத்திலிருந்து, இயந்திரம் வைத்துத் தோண்டிவிட்டுப் போன பள்ளத்துப் பக்கத்திலிருந்து, ஒரு தட்டு கேட்டது. இங்கேதான் இருக்கேன் என்று. பாலத்துத் தூணில் பட்ட எதிரொலி என்று நினைத்தாள். ஒலிக்கு முன்னால் எதிரொலி வருமா? அதையெல்லாம் யோசிக்கிற நேரமா அது, உள்ளங்கைக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை இறால் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பொத்திப் பிடித்துப் பறியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். பாவி. திரும்பியபோது தண்ணீர் சமமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அவருடைய பறி மட்டும் கரை ஒதுங்கியது.

"அம்மா," என்றாள் ஜெமி. "பதில் சொல்ல மாட்டியா?"

சின்னக் கை டப்புக்கு மேலே நீட்டியிருந்தது. விரல் விரிந்திருந்தது. ஐரீன் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வேகமாகப் பட்டிருக்க வேண்டும், ஜெமியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தட்டக்கூடாது. தண்ணியாண்டயே போவக்கூடாது. கேக்குதா ஒனக்கு? படியில காலு வெக்கக்கூடாது."

"அது அப்பாவாம்மா?"

"இல்ல."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ஐரீன் ஜெமியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். நேற்று டப்பில் தான் தட்டிய அந்த ஒரு தட்டு அவள் காதில் இருந்தது. இங்கேதான் இருக்கேன் என்று, வீட்டைக் காட்டி, மகளைக் காட்டி, தன் கையாலேயே சொல்லியிருக்கிறாள். எட்டு மாசத்தில் முதல் தரமாக அவளுக்குப் பயமாக இருந்தது. ஜெமிக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாது. அது ஒன்றுதான். மாதாவே, அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகச் சாலமனுக்கு போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வேண்டாம், நாளைக்கே வா என்றாள். அவனுக்குச் சனிக்கிழமை ஷிப்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு முடியும், முடிந்ததும் நேரே வருகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை முழுவதும் ஐரீன் கொல்லைக் கதவைத் திறக்கவில்லை. ஜெமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிஸ்டருங்க பதினாலு. தண்ணிப் பாம்பு மூணு. ஆமை ஒண்ணு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மா, நாய் மாதிரி ஒண்ணு. ஆனா நாய் இல்ல," என்றாள்.

நரி. உப்பளத்துப் பக்கம் இருக்கிறது என்று ஐரீன் கேள்விப்பட்டிருக்கிறாள், இருபது வருஷத்தில் ஒரு தரம் கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பெட்டை நரி ஒன்றும் குட்டி ஒன்றும். கொக்குகளுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளும் இதுகள் மீன் தலைக்கு வருகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று ஐரீனுக்குத் தோன்றியது.

அன்றைக்குத் தட்டு முதல் படியில் கேட்டது. ஐரீன் ஜெமியின் காதைப் பொத்திக்கொண்டாள். தன் காதைப் பொத்தக் கை இல்லை.

சனிக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமி ஓதத்துக்குக் கழித் தண்ணீர் இரண்டு படி ஏறுவது வழக்கம்தான். அன்றைக்கு மூன்றாவது படியும் முழுகியது. ஐந்து மணிக்குத் தண்ணீர் கொல்லைக்குள் வந்தது. ஐந்தரைக்குத் துவைகல் தெரியவில்லை. ஆறு மணிக்கு மின்சாரம் போனது. வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பாத்திரம் தேய்த்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம்.

ஐரீன் முன்னறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். விரல் மரத்துப் போனவள் முடிச்சுப் போடுவதென்றால் சும்மாவா. கண்ணை முடிச்சிலேயே வைத்திருக்க வேண்டும். போட்ட முடிச்சு அவிழும், மறுபடி போட வேண்டும். சாலமன் இந்நேரம் கிளம்பியிருப்பான். அரை மணி நேரம். லாரி நெரிசல் இருந்தால் முக்கால் மணி நேரம். அவ்வளவுதானே.

சோறு வெந்த வாசனை வந்தது.

அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.

சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மரநாய் மேடையின் மேல் இருந்தது. பக்கத்தில் கொக்குகள். அடுப்பின் மேல் கொக்கு. சிங்க்கில் ஆமை. தரை முழுவதும் ஈரம், ஈரத்தில் பாம்புகள், அசையாமல், கயிற்றைப் போட்ட மாதிரி. வக்கீல் அரிசி டின்னின் மேல் நின்றுகொண்டிருந்தது. உடும்பு. பெருச்சாளிகள். மூலையில் தாய் நரியின் இரண்டு கண். ஒரு சத்தம் இல்லை. எல்லா உயிரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன.

கொல்லைக் கதவு திறந்திருந்தது.

"ஜெமி?"

அவள்தான் திறந்திருப்பாள். வேறு யார். பாவம்மா நனையுது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஜெமி! எங்கடி கீற?"

ஐரீன் விலங்குகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். ஒன்று கூட அவளைக் கடிக்கவில்லை. வாசலில் நின்று பார்த்தாள். கொல்லை இல்லை. வேலி இல்லை. நிலைப்படிக்குக் கீழிருந்து எதிர்க்கரை வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரே தண்ணீர். நடுவில், நாற்காலி இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பறி மிதந்துகொண்டிருந்தது. கஸ்பாரின் பறி. ஜெமி அதை எப்போதும் தோளில் மாட்டிக்கொண்டு விளையாடுவாள்.

ஐரீன் இறங்கினாள்.

தண்ணீர் முழங்கால் வரை வந்தது. இரண்டடி போனதும் இடுப்பு. பறியை எட்டி எடுத்தாள். தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து இரண்டு கையையும் விட்டாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது, அதனால் பறியின் கயிறு எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. பல்லுக்கு. இருபது வருஷப் பழக்கம். அவள் நினைத்துச் செய்யவில்லை.

உட்கார்ந்து தடவினாள். ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால். சேறு. கல். நாற்காலியின் கால். எதுவும் கைக்குத் தெரியவில்லை, அழுத்தம் தோளுக்கு வரும்போதுதான் தெரிந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது. மகளின் முகத்தைத் தொட்டால் கூடத் தெரியாதே. ஐயோ, எங்கே. எங்கேடி செல்லமே.

பட்டது.

ஒரு கை. அது கைதான். அவள் பிடித்தாள். அது அவள் விரல்களுக்குள் விரல்களைக் கோத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது. ஐரீனுக்கு நெஞ்சு உடைந்து அழுகை பொங்கியது, எட்டு மாசத்து அழுகை. கயிற்றைக் கடித்துக்கொண்டே அழுதாள். இன்னொரு கையையும் கொண்டுபோய் அதைச் சேர்த்துப் பிடித்தாள். இன்னொரு கை வந்து அதையும் பிடித்துக்கொண்டது. வா, வா, என் தங்கமே. இழுத்தாள்.

வரவில்லை.

"அம்மா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளிருந்து.

ஐரீன் கழுத்தை மட்டும் திருப்பினாள். சமையல்கட்டு வாசலில், நரிக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெமி நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒட்டடை.

"கட்டிலுக்கடியில பூந்துகிச்சும்மா இது. இப்பத்தான் இஸ்த்தாந்தேன். நீ எங்க கீற? இருட்டா கீது."

ஐரீன் தண்ணீருக்குள் பிடித்திருந்த கை அவள் கையை விடவில்லை.

அது தடவியது. விரல் நுனியிலிருந்து மெதுவாக. கணு. புறங்கை. மணிக்கட்டு. அவசரமே இல்லாமல், எது வால், எது தலை என்று பார்க்கிற தடவல். அவளுக்கு அந்தத் தடவல் தெரியும். இருபது வருஷம் அவள் செய்தது. எல்லாம் தெரிந்தது அவளுக்கு. மரத்துப்போன கையில், ஒவ்வொரு விரலிலும், எட்டு மாசத்துக்கு அப்புறம், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அந்தத் தோலின் குளிர்ச்சி. சாம்பலின் நறநறப்பு. விரல்கள் ஐந்தோடு நிற்கவில்லை.

இறால் பின்னால்தான் எகிறும். அதனால் ஒரு கையைப் பின்பக்கம் அணை கொடுத்து வைக்க வேண்டும்.

அவளுடைய குதிகாலுக்குப் பின்னால் ஒரு கை வந்து நின்றது.

கயிற்றைத் துப்பிவிட்டுக் கத்த வாயைத் திறந்தாள். அது கீழே இழுத்தது. ஒரு பிடி, அவ்வளவுதான். தண்ணீர் வாய்க்குள் வந்தது. சாம்பல். மூக்கு வரைக்கும் தண்ணீர். கண் மட்டும் மேலே. அந்தக் கண்ணுக்கு நேராக வாசல். வாசலில் ஜெமி.

"அம்மா?"

ஜெமி நரிக்குட்டியைக் கீழே விட்டாள். இருட்டுக்குள் உற்றுப் பார்த்தாள். மிதந்துகொண்டிருந்த பறி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் தெளிந்தது. ஓகோ என்று தலையை ஆட்டிக்கொண்டாள். பறி இருந்தால் பேச முடியாது. அம்மாதான் சொல்லிக் கொடுத்தாளே.

நிலைப்படியில் குந்தி உட்கார்ந்தாள். தட்டக்கூடாது என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரு நிமிஷம் தயங்கினாள். அப்புறம் உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரைத் தட்டினாள்.

சளப், சளப்.

எங்கே இருக்கே.

ஐரீனின் இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் இருந்தன. பிடித்திருந்தவை பிடித்தபடியே இருந்தன. ஜெமி, வேண்டாம். ஜெமி, உள்ளே போ.

அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், தண்ணீர் ஒரு தரம் தட்டப்பட்டது.

சளப்.

சமையல்கட்டுக்குள் அத்தனை விலங்குகளும் ஒன்றாக எழுந்து நின்றன. ஜெமி சிரித்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சத்தம் வந்த பக்கத்தைப் பார்த்து, ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள்.